கைமாறும் மருந்து: பீமாரிஸ்தான்கள் வகுத்த ஒழுங்கு

இஸ்லாமிய நாகரிகத்தின் மருத்துவப் பங்களிப்பைப் பற்றிப் பேச முற்படும்போது, நாம் வழக்கமாக அறிஞர்களின் பெயர்களிலிருந்தே தொடங்குகிறோம். பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்திக் காட்டிய அபூபக்ர் அர்ராஸீ, 'அல்கானூன்' இயற்றிய இப்னு ஸீனா, நுரையீரல் வழியே குருதி செல்லும் பாதையை விளக்கிய இப்னுந் நஃபீஸ் ஆகியோரின் பெயர்கள் நம் மேடைகளிலும் ஏடுகளிலும் பலமுறை ஒலித்துவிட்டன. அவர்கள் பெருமைக்குரியவர்களே, அதில் ஐயமில்லை. ஆயினும், மருத்துவமனையொன்றில் படுத்திருக்கும் நோயாளி, மேதை ஒருவரின் கணிப்பால் மட்டும் குணமடைந்துவிடுவதில்லை. மருத்துவர் விதித்தது மருந்தகத்துக்குப் பிழையின்றிச் சென்று சேர வேண்டும். மருந்தகத்தில் கலக்கப்பட்டது உரியவரின் கையை அடைய வேண்டும். சமையற்கூடத்தில் இருப்போர் பத்தியத்தை அறிந்திருக்க வேண்டும். கண்ணைப் பார்க்கும் மருத்துவர் உடலைப் பார்க்கும் மருத்துவருடன் கலந்துபேச வேண்டும். இக்கண்ணிகளுள் ஒன்று அறுந்தாலும் மேதையின் கணிப்பு வீணாகிவிடும். சில வேளைகளில் உயிரும் போய்விடும்.

இது பழங்காலத்தோடு முடிந்துபோன கவலையன்று. 1999ஆம் ஆண்டு அமெரிக்காவின் மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கையொன்று, அந்நாட்டு மருத்துவமனைகளில் தவிர்த்திருக்கக்கூடிய மருத்துவப் பிழைகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக மதிப்பிட்டு உலகைத் திடுக்கிடச் செய்தது. பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம் தனிமனிதரின் தீய எண்ணமோ அறியாமையோ அன்று, பணிகள் ஒழுங்குபடுத்தப்பட்டுள்ள முறையில் உள்ள குறையே என்பது அவ்வறிக்கையின் மையக் கருத்து. 2007இல் உலக சுகாதார நிறுவனம் நோயாளிகளின் பாதுகாப்புக்கென ஒன்பது தீர்வுகளை முன்வைத்தது. ஒன்றுபோல் தோன்றும், ஒன்றுபோல் ஒலிக்கும் மருந்துப் பெயர்களைக் குறித்த எச்சரிக்கை, நோயாளியைச் சரியாக அடையாளம் காணுதல், ஒருவர் பொறுப்பிலிருந்து மற்றவர் பொறுப்புக்கு நோயாளி மாறும்போது செய்தி விடுபடாமல் பார்த்துக்கொள்ளுதல் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

இதே கேள்விகளைப் பக்தாதும் டமாஸ்கஸும் கெய்ரோவும் எவ்வாறு எதிர்கொண்டன என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது. பீமாரிஸ்தான்களின் சிறப்பை அவற்றின் கொடையிலும் அவற்றில் பணியாற்றிய அறிஞர்களிலும் மட்டும் காண்பது போதாது. ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொறுப்பு மாறும் இடத்தில்தான் பிழை நுழைகிறது என்பதை உணர்ந்து, அந்த இடத்துக்கு ஒரு தாளையும் ஒரு பொறுப்பாளரையும் அவை நியமித்தன. நாம் போதிய கவனம் செலுத்தாத மரபுரிமை இதுவே என்பது நம் கருத்து.

பிரிவுகள் பெருகியபோது

ஹிஜ்ரி 372இல் (கி.பி. 982) பக்தாதில் அளுதுத் தவ்லா நிறுவிய பீமாரிஸ்தானில் தொடக்கத்திலேயே 24 மருத்துவர்கள் அமர்த்தப்பட்டதாக வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ பதிவுசெய்துள்ளார். அவர்கள் அனைவரும் ஒரே பணியைச் செய்தவர்கள் அல்லர். உள்நோய்களைப் பார்ப்போர், கண் மருத்துவர்கள், அறுவை மருத்துவர்கள், எலும்பு கட்டுவோர் எனத் தனித்தனிப் பிரிவினராய் இருந்தனர். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் கெய்ரோவில் எழுந்த மன்ஸூரீ பீமாரிஸ்தானில் காய்ச்சல், கண்நோய், காயங்கள், வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கூடங்களும், பெண்களுக்குத் தனிப்பகுதியும் இருந்தன. சமையலுக்கும், மருந்துகளையும் சாறுகளையும் ஆயத்தம் செய்வதற்கும், மருந்துகளைச் சேமிப்பதற்கும், தலைமை மருத்துவர் பாடம் நடத்துவதற்கும் தனி இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன.

இதன் அளவை ஒரு செய்தியால் உணரலாம். கலைக்களஞ்சிய ஆசிரியரான நுவைரீ (மறைவு கி.பி. 1333) ஹிஜ்ரி 703 முதல் சில ஆண்டுகள் இப்பீமாரிஸ்தானின் நிர்வாகியாக இருந்தவர். சில நாட்களில் காய்ச்சிய மருந்துச் சாறு மட்டுமே ஐந்து எகிப்தியக் கின்தார்களுக்கு மேல் செலவானதாக அவர் எழுதியுள்ளார். இன்றைய அளவில் இது 200 கிலோவைத் தாண்டும். உள்ளே தங்கியிருப்போருக்கு மட்டுமன்றி, தத்தம் வீடுகளில் கிடந்த 200க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கும் இங்கிருந்தே மருந்தும் உணவும் சென்றன.

பிரிவுகள் பெருகுவதால் ஒவ்வொரு துறையிலும் ஆழ்ந்த தேர்ச்சி உண்டாகிறது. அதே வேளை, துறைகளுக்கு இடையிலான இடைவெளிகளும் பெருகுகின்றன. ஒரே மருத்துவர் நாடி பார்த்து, மருந்தையும் தாமே இடித்துத் தம் கையாலேயே புகட்டிய காலத்தில் இல்லாத ஆபத்து இது. நூற்றுக்கணக்கான கிண்ணங்கள் நாள்தோறும் நிரப்பப்படும் இடத்தில், ஒருவருக்குரிய கிண்ணம் இன்னொருவரிடம் போய்விடுவதற்கு ஒரு கணக் கவனக்குறைவு போதும்.

ஒரே நூல், ஒரே பெயர்

மருத்துவருக்கும் மருந்தாளருக்கும் இடையிலுள்ள இடைவெளியே அனைத்தினும் ஆபத்தானது. இதனை அடைப்பதற்கு முன்னோர் கண்ட வழி, இருவரும் ஒரே நூலின்படி செயலாற்றுவது. கூட்டு மருந்துகளின் சேர்மானங்களைத் தொகுத்துரைக்கும் 'அக்ராபாதீன்' நூல்கள் இதற்காகவே எழுந்தன. ஸாபூர் இப்னு ஸஹ்ல் (மறைவு கி.பி. 869) இயற்றிய அக்ராபாதீன் நெடுங்காலம் மருத்துவமனைகளிலும் மருந்துக் கடைகளிலும் வழக்கிலிருந்தது. பின்னர், அளுதீ பீமாரிஸ்தானின் தலைவராயிருந்த கிறித்தவ மருத்துவர் இப்னுத் தில்மீத் (மறைவு கி.பி. 1165) தொகுத்த நூல் அதன் இடத்தைப் பெற்றது.

கெய்ரோவில், யூத மருத்துவரான இப்னு அபில் பயான் 'அத்துஸ்தூருல் பீமாரிஸ்தானீ' என்ற நூலை எழுதினார். எகிப்து, ஷாம், இராக் ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளிலும் மருந்துக் கடைகளிலும் உண்மையில் புழங்கிய கூட்டு மருந்துகளை மட்டுமே அதில் அவர் சேர்த்துக்கொண்டார். அவருடைய மாணவராயிருந்த இப்னு அபீ உஸைபிஆ, அந்நூலை ஆசிரியர் முன்னிலையில் ஓதித் திருத்திக்கொண்டதாகக் கூறுகிறார். ஹதீஸ் ஏடுகளை ஆசிரியர் முன் ஓதிச் சரிபார்க்கும் மரபு மருந்து நூலுக்கும் பொருந்தியது என்பதை நாம் இங்குக் கருத்திற்கொள்ள வேண்டும். ஓர் எழுத்துப் பிழை அங்கே மார்க்கச் செய்தியைத் திரித்துவிடும். இங்கே ஓர் உயிரைப் பறித்துவிடும்.

எழுத்துப் பிழையின் ஆபத்தை அல்பீரூனீ அளவுக்குத் தெளிவாக உரைத்தவர் அரியர். தம் வாழ்வின் இறுதிக் காலத்தில் எழுதிய 'கிதாபுஸ் ஸைதனா'வின் முன்னுரையில், அரபு எழுத்து முறையின் பெருங்குறை ஒன்றை அவர் தயக்கமின்றிச் சுட்டுகிறார். பல எழுத்துகள் வடிவில் ஒத்திருக்கின்றன. புள்ளிகளே அவற்றை வேறுபடுத்துகின்றன. புள்ளி விடுபட்டால் பொருள் மறைந்துவிடுகிறது. இதனால் கிரேக்க மருந்துப் பெயர்களை அரபு எழுத்தில் பெயர்த்து எழுதிய ஏடுகளை நம்ப முடியாமல் போகிறது என்று அவர் வருந்துகிறார். அறபுத்தமிழ் ஏடுகளைப் படித்துப் பழகிய நம்மவர்களுக்கு, ஒரு புள்ளி உதிர்ந்தால் சொல்லே மாறிவிடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அல்பீரூனீ கண்ட தீர்வு, ஒவ்வொரு மருந்துப் பொருளுக்கும் அரபு, கிரேக்கம், சிரியாக், பாரசீகம், இந்திய மொழிகள் எனப் பல மொழிகளில் வழங்கும் பெயர்களை அருகருகே வைப்பது. ஒரு பெயர் சிதைந்தாலும் மற்றொன்று அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பெயருக்கு அடுத்தது அளவு. ஸகாத், ஃபித்ரா சட்டங்களைப் படிக்கையில் 'ரத்ல்' என்னும் நிறையளவை நாம் சந்தித்திருக்கிறோம். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் கணக்கில் பக்தாத் ரத்ல் 128 4/7 திர்ஹம். எகிப்திய ரத்ல் 144 திர்ஹம். டமாஸ்கஸ் ரத்லோ 600 திர்ஹம். டமாஸ்கஸில் எழுதப்பட்ட மருந்துச் சீட்டில் உள்ள ஒரு ரத்லை கெய்ரோவின் ரத்லாகக் கொண்டால், மருந்து நான்கில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்துவிடும். மாறாகக் கொண்டால் நான்கு மடங்கைத் தாண்டிவிடும். ஹிஜ்ரி 658இல் (கி.பி. 1260) கெய்ரோவின் யூத மருந்தாளர் அல்கூஹின் அல்அத்தார் தம் மகனுக்காக எழுதிய 'மின்ஹாஜுத் துக்கான்' என்னும் நூல் மருந்துச் சேர்மானங்களோடு நின்றுவிடவில்லை. நிறைகளும் அளவைகளும், ஒரு மருந்து கிடைக்காதபோது அதற்கு மாற்றாக எதைக் கொள்ளலாம் என்பதும், மருந்துகளைச் சேமிக்கும் முறையும், அவை கெடாமலிருக்கும் காலமும் அதில் இடம்பெற்றது இக்காரணத்தாலேயே.

எழுதப்பட்ட தாள்

நூல் ஒன்றாயிருந்தாலும், இன்று இந்த நோயாளிக்கு இன்னது என்ற செய்தி வாய்மொழியாகச் சென்றால் வழியில் மாறிவிடும். கி.பி. 1184இல் டமாஸ்கஸைக் கண்ட பயணி இப்னு ஜுபைர், அங்குள்ள நூரீ பீமாரிஸ்தானைப் பற்றித் தரும் செய்தி இங்கு முக்கியமானது. பொறுப்பாளர்களிடம் பதிவேடுகள் இருந்தன. நோயாளிகளின் பெயர்களும், அவர்களுக்கு வேண்டிய மருந்து, உணவு ஆகியவற்றின் செலவும் அவற்றில் குறிக்கப்பட்டிருந்தன. மருத்துவர்கள் நாள்தோறும் காலையில் வந்து நோயாளிகளைப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் தக்க மருந்தையும் உணவையும் ஆயத்தம் செய்யப் பணித்தனர்.

அதே பீமாரிஸ்தானில் தலைமை வகித்த அபுல் மஜ்த் இப்னு அபில் ஹகம், தனியாகச் சுற்றிவந்தவர் அல்லர் என்பதை இப்னு அபீ உஸைபிஆவின் குறிப்பால் அறிகிறோம். மேற்பார்வையாளர்களும் பணியாளர்களும் அவருடன் சென்றனர். அவர் ஒவ்வொரு நோயாளிக்கும் எழுதித் தந்த மருந்தும் பத்தியமும் தாமதமின்றி நிறைவேற்றப்பட்டன. விதிப்பவரும் நிறைவேற்றுபவரும் நோயாளியின் படுக்கையருகே ஒருசேர நின்றதால், செய்தி கடந்துசெல்ல வேண்டிய தொலைவே குறைந்துவிட்டது. சுற்று முடிந்த பின் அவர் பெரிய கூடத்தில் அமர்வார். மருத்துவர்களும் மாணவர்களும் கூடி ஏறத்தாழ மூன்று மணி நேரம் மருத்துவ ஆய்வில் ஈடுபடுவர்.

மருத்துவமனைக்கு வெளியிலும் எழுத்து வலியுறுத்தப்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் ஷாமில் வாழ்ந்த ஷைஸரீ, முஹ்தஸிப்களுக்காக எழுதிய 'நிஹாயதுர் ருத்பா' என்ற கையேட்டில் மருத்துவர்களுக்கு ஒரு நடைமுறையை வகுக்கிறார். நோயின் காரணத்தை வினவி, மருந்தை முடிவுசெய்தபின், அதன் படியொன்றை அங்கிருப்போரின் சாட்சியத்துடன் நோயாளியின் உறவினரிடம் மருத்துவர் கொடுத்துவிட வேண்டும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவ்வாறே செய்ய வேண்டும். கடனைக் கொடுப்போரும் பெறுவோரும் அதனை எழுதிச் சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் பணிப்பதை நாம் அறிவோம். எழுத்தையும் சாட்சியையும் கண்ணியமாகக் கருதிப் பழகிய சமூகத்தில், மருத்துவரிடம் எழுதிக் கேட்பது அவரை ஐயுறுவதாகக் கொள்ளப்படவில்லை.

கலாவூனின் சாசனம்

ஹிஜ்ரி 675இல் டமாஸ்கஸில் இருந்தபோது கடும் வயிற்றுவலியால் துன்புற்ற அமீர் கலாவூன், நூரீ பீமாரிஸ்தானிலிருந்து கொண்டுவரப்பட்ட மருந்துகளால் குணமடைந்தார். ஆட்சி தமக்குக் கிட்டினால் இதுபோன்ற ஒன்றைக் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். ஸுல்தானான பின், கி.பி. 1284இல் கெய்ரோவில் அதனை நிறைவேற்றினார். அதற்காக எழுதப்பட்ட வக்ஃப் சாசனத்தின் பகுதிகளை, அஹ்மத் ஈஸா 1939இல் டமாஸ்கஸில் வெளியிட்ட பீமாரிஸ்தான் வரலாற்று நூலில் காணலாம். ஏழை, செல்வர், ஆண், பெண் என்ற வேறுபாடின்றி யாவருக்கும் இடம் உண்டு என்ற அதன் பரந்த நோக்கைப் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். நாம் காண விழைவது அதன் சிறிய விதிகளை.

மருத்துவர்கள் கூட்டாகவோ முறைவைத்தோ நோயாளிகளைப் பார்வையிட வேண்டும். நோய் கூடியதா, குறைந்ததா என வினவ வேண்டும். ஒவ்வொருவருக்கும் உரிய மருந்துச் சாற்றையும் உணவையும் தாளில் எழுத வேண்டும். அத்தாளின்படியே வழங்கப்பட வேண்டும். இரவிலும் மருத்துவர்கள் அங்கேயே தங்க வேண்டும்.

அடுத்து, மார்க்கப் பற்றும் நேர்மையும் உடைய இருவர் நியமிக்கப்படுகின்றனர். ஒருவர் களஞ்சியக் காப்பாளர். சாறு, அஞ்சனம், மூலிகை, இலேகியம், தைலம் ஆகியவற்றை அவர் பகிர்ந்து கொடுப்பார். மற்றவர் அமீன். அவர் காலையிலும் மாலையிலும் நோயாளிகளுக்குரிய கிண்ணங்களைப் பெற்றுக்கொண்டு உரியவர்களிடம் சேர்ப்பார். சேர்ப்பதோடு அவர் பணி முடிவதில்லை. தனக்கு விதிக்கப்பட்டதை ஒவ்வொரு நோயாளியும் அருந்துவதை அவர் நேரில் இருந்து பார்க்க வேண்டும். சமையற்கூடமும் அவர் மேற்பார்வையில்தான். ஒவ்வொருவருக்கும் சமைத்ததைத் தனிக் கிண்ணத்தில், வேறொரு நோயாளியோடு பங்கிடாமல், மூடி எடுத்துச் சென்று ஒப்படைக்க வேண்டும்.

இவ்விதிகளுள் நம்மை மிகவும் ஈர்ப்பது கண் மருத்துவர் பற்றியது. உள்நோய் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டிய நிலையில் ஒரு கண்நோயாளி இருந்தால், கண் மருத்துவர் அவரை அழைத்துவந்து, தனித்து இயங்காமல் அவருடன் சேர்ந்தே மருத்துவம் செய்ய வேண்டும். நோயாளி குணமடையும் வரை அவருடன் கலந்தாலோசிக்க வேண்டும். நோயாளியை ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்கு அலையவிடாமல், மருத்துவரை நோயாளியிடம் வரச்செய்யும் விதி இது. 'அவர் பார்த்திருப்பார்' என்று இவரும், 'இவர் பார்த்திருப்பார்' என்று அவரும் எண்ணியிருக்க, இடையில் நோயாளி கைவிடப்படும் நிலையை இச்சாசனம் எதிர்பார்த்துத் தடுத்துள்ளது.

தவறு நேர்ந்த பின்

எத்தகைய ஒழுங்கிலும் தவறு நேரும். நேர்ந்தபின் சமூகம் என்ன செய்கிறது என்பதே அதன் தரத்தைக் காட்டும். ஹிஜ்ரி 319இல் (கி.பி. 931) பக்தாதில் ஒரு மருத்துவரின் தவறால் ஒருவர் இறந்த செய்தி கலீஃபா அல்முக்ததிரை எட்டியது. ஸினான் இப்னு ஸாபித் சோதித்து ஒப்புதல் அளித்தவரைத் தவிர வேறெவரும் மருத்துவம் செய்யலாகாது என்று அவர் ஆணையிட்டார். புகழ்பெற்றவர்களும் அரசப் பணியில் இருந்தவர்களும் நீங்கலாகச் சோதனைக்கு வந்தோர் மட்டும் 860 பேருக்கு மேல். ஓர் உயிரின் இழப்பு, தனியொருவரைத் தண்டிப்பதோடு முடியாமல், நகரம் முழுவதன் நடைமுறையையும் மாற்றியது.

மருத்துவ அறிவு உடையவராக அறியப்படாத நிலையில் மருத்துவம் செய்பவர் விளைவுக்குப் பொறுப்பாளியாவார் என்ற கருத்துள்ள நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. இதன் மறுபக்கத்தையும் நாம் கவனிக்க வேண்டும். முன்னர்க் கண்ட ஷைஸரீயின் நடைமுறையில், நோயாளி இறந்துவிட்டால் உறவினர் அத்தாள்களைத் தலைமை மருத்துவரிடம் காட்டுவர். கிரேக்க மன்னர்களின் வழக்கத்தை அவர் இதற்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார். மருத்துவம் முறைப்படி நடந்திருந்தால் மருத்துவர்மீது குற்றமில்லை என அறிவிக்கப்படும். அலட்சியம் தெரிந்தால் இழப்பீடு கோரலாம். ஆக, எழுதிய தாள் நோயாளிக்கு மட்டுமன்றி, நேர்மையான மருத்துவருக்கும் கேடயமாயிற்று.

சாசனமும் நடைமுறையும்

இவற்றைக் கொண்டு, இன்றைய மருத்துவமனை நிர்வாகவியல் முழுவதையும் நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டனர் என்று முழங்குவது அறிவு நேர்மையாகாது. சாசனம் நடக்க வேண்டியதைச் சொல்கிறது. நடந்தது அனைத்தையும் சொல்வதில்லை. மன்ஸூரீ வளாகம் பதினோரு மாதங்களில் எழுந்ததன் பின்னே மக்கள்மீது சுமத்தப்பட்ட கட்டாய உழைப்பு இருந்ததையும், அதனால் அங்குத் தொழுவதை மார்க்க அறிஞர் சிலர் தவிர்த்ததையும் மக்ரீஸீ மறைக்கவில்லை. கி.பி. 1798இல் பிரெஞ்சுப் படையுடன் வந்த அறிஞர்கள் கண்டது சீரழிந்த நிலையிலிருந்த ஒரு கட்டடத்தையே. வக்ஃப் சொத்துகள் முறையாகப் பேணப்படாதபோது, அருமையான விதிகளும் ஏட்டளவில் நின்றுவிடுகின்றன. பிற்காலத்தில் அவ்வளாகத்தில் கண் மருத்துவமனை ஒன்று எழுந்தது.

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. இவ்வொழுங்கை உருவாக்கியவர்களுள் முஸ்லிம்களோடு கிறித்தவர்களும் யூதர்களும் இருந்தனர். உயிரைக் காக்கும் அறிவு எவரிடம் இருந்தாலும் அதனை ஏற்றுக்கொண்ட பெருந்தன்மை அந்நாகரிகத்தின் வலிமைகளுள் ஒன்று.

நம் காலத்துக்கு

பீமாரிஸ்தான்களின் எளிய உபாயங்கள் எத்துணை வலிமையானவை என்பதை இன்றைய ஆய்வுகளே உணர்த்துகின்றன. உலக சுகாதார நிறுவனம் அறுவைக்கூடங்களுக்கென வகுத்த 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல், அம்மான், புதுதில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதிக்கப்பட்டது. அறுவைக்குப் பின் நிகழும் இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்ததாக 2009இல் வெளியான ஆய்வு கூறியது. பணிமுறை மாறும்போது மருத்துவர்கள் செய்தியை ஒரே ஒழுங்கில் ஒப்படைக்கப் பயிற்றுவித்ததால், அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்பது மருத்துவமனைகளில் மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்ததாக 2014இல் மற்றோர் ஆய்வு தெரிவித்தது. மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாகவும், கூடியவரை பெரிய எழுத்துகளிலும் எழுத வேண்டும் என 2016இல் இந்திய மருத்துவக் கவுன்சில் தன் விதிகளில் திருத்தம் செய்தது. அல்பீரூனீயின் கவலை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் தீரவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்று நம் சமூகத்தின் அறக்கட்டளைகளும் ஜமாஅத்துகளும் சிறு மருத்துவ நிலையங்களை நடத்த முன்வருகின்றன. கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் மனமுவந்து வாரி வழங்குவோர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் முன் நாம் சில கேள்விகளை வைக்க விரும்புகிறோம். மருத்துவர் எழுதும் சீட்டை மருந்தாளரும் செவிலியரும் ஐயமின்றிப் படிக்க முடிகிறதா? ஐயம் எழுந்தால், அச்சமோ கூச்சமோ இன்றி மருத்துவரிடம் திரும்பக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டா? ஒரே பெயருடைய இருவர் ஒரே நாளில் வந்தால், தந்தையின் பெயரையும் வயதையும் கேட்டு உறுதிசெய்யும் வழக்கம் உள்ளதா? ஆய்வுக்கூடத்தின் முடிவு வந்ததும் அதனை மருத்துவரின் கண்ணில் படச்செய்வது யாருடைய பொறுப்பு? மாலைப் பணிக்கு வருபவரிடம் காலைப் பணியில் இருந்தவர் எதை எழுதி ஒப்படைக்கிறார்? தவறொன்று நேரவிருந்து தப்பிய நாளில், அதனை மறைக்காமல் பேசி ஆராய ஓர் அமர்வு உண்டா?

இவற்றுக்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. ஒரு பதிவேடும், ஒரு தாளும், ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் பெயர் குறிப்பிட்ட ஒரு பொறுப்பாளரும் போதும். கலாவூனின் சாசனம், கிண்ணத்தை ஏந்திச் சென்றவரை 'அமீன்' என்று அழைத்தது. அமானிதத்தைக் காப்பவர் என்பது அதன் பொருள். நோயாளி தன் உடலை நம்மிடம் ஒப்படைக்கும்போது, அது மருத்துவரிடம் மட்டும் ஒப்படைக்கப்பட்ட அமானிதமன்று. சீட்டை எழுதுபவர், படிப்பவர், மருந்தை அளப்பவர், உணவை மூடி எடுத்துச் செல்பவர் என அனைவர் கைகளிலும் அது மாறிச் செல்கிறது. ஒவ்வொரு கையும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.